தவளை மரபணுவுக்கு நான் வைத்த பெயர்

ஒரு தவளையின் மரபணுவுக்குத் தப்பான பெயரை வைத்தவன் நான். தெரியாமல் செய்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆராய்ச்சியில் தெரியாமல் நேரும் பிழை அன்றாடம் நடப்பது. அடுத்தவர் வந்து திருத்துவார், வேலை நடக்கும். அந்தப் பெயர் பொருந்தாது என்று என் எம்.ஃபில். மாணவி என் மேசைமேல் தாளை விரித்து, எண்ணிக் காட்டினாள். அவள் சொல்வது சரி என்று எனக்கு அப்போதே புரிந்தது. புரிந்த பிறகும் நான் நினைத்த பெயரையே வைத்தேன். அவளையும் அதையே எழுத வைத்தேன்.

பெயர் என்ன என்று இங்கே சொல்லப்போவதில்லை. இன்னொரு முறை அது அச்சேற வேண்டாம். அரியமங்கலம் என்ற என் ஊர்ப் பெயரின் முதல் எழுத்துகளை எடுத்து, இந்த வகைப் புரதத் துண்டுகளுக்கு வழக்கமாகப் போடுகிற 'இன்' என்ற முடிவைச் சேர்த்துச் செய்தது என்பதை மட்டும் சொல்கிறேன். ஊர்ப் பெயரை ஏன் எடுத்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அந்த ஆசைதான் மற்ற எல்லாவற்றையும் செய்தது.

திருச்சியில் எங்கே போய் அரியமங்கலம் என்று சொன்னாலும், "குப்பைக் கிடங்கு பக்கமா?" என்று கேட்பார்கள். மாநகரத்தின் குப்பை பல பத்தாண்டுகளாக வந்து குவிந்த இடம் எங்கள் ஊர். கிடங்கில் தீப்பிடித்தால் புகை நாள்கணக்கில் நிற்கும். பால்பண்ணை ரவுண்டானாவில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் வாடை தாங்காமல் காபியை வைத்துவிட்டு எழுந்துபோன கதை எங்கள் தெருவிலேயே உண்டு. ஆனால் இதே ஊர் வழியாகத்தான் உய்யக்கொண்டான் வாய்க்கால் போகிறது. சோழர் காலத்து வாய்க்கால். நான் சிறுவனாக இருந்தபோது அதையொட்டி நெல் வயல்கள். தண்ணீர் வந்து நடவு முடிந்த நாட்களில் தவளைச் சத்தத்தில்தான் தூங்குவோம். முதல் மழைக்கு உடம்பெல்லாம் மஞ்சளாகி, தொண்டைக்கு இரு பக்கமும் நீலப் பை உப்பக் கத்தும் பெருந்தவளை ஒரு பக்கம். வரப்பில் கால் வைத்தால் நாலா பக்கமும் தெறிக்கும் விரல் நீள வயல் தவளை இன்னொரு பக்கம். விலங்கியல் படிக்கப் போனது இவற்றால்தான். பாடத்தில் ரானா டைக்ரினா என்று எழுதி, அறுத்து, படம் வரைந்த தலைமுறை நாங்கள். அந்தப் பெருந்தவளையை இன்று ஹோப்ளோபட்ராகஸ் டைகெரினஸ் என்கிறார்கள். வயல் தவளையும் ரானாவிலிருந்து ஃபெஜெர்வர்யாவுக்குப் போய், இப்போது நம் நாட்டில் இருப்பவற்றில் பெரும்பாலானவை மினர்வர்யா என்ற பேரினத்தில் நிற்கின்றன. உறவு தெளியத் தெளியப் பெயர் மாறுவது எங்கள் துறையில் புதிதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

தவளைத் தோலில் எனக்கு ஆர்வம் வந்தது மைக்கேல் சாஸ்லாஃப் 1987-இல் வெளியிட்ட கட்டுரையால். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வகத்தில் அவர் ஆப்பிரிக்க நகத் தவளைகளின் வயிற்றைக் கீறி முட்டை எடுத்துக்கொண்டு, தைத்துத் தொட்டியில் விட்டுவிடுவார். கலங்கிய தண்ணீர், திறந்த புண். அப்படியும் புண் சீழ் பிடிக்காமல் ஆறியது. ஏன் என்று தேடிப் போனபோது, கிருமிகளைக் கொல்லும் சிறு புரதத் துண்டுகள் தோலில் சுரப்பதைக் கண்டார். மகைனின் என்று பெயர் வைத்தார். அதற்குப் பிறகு உலகம் முழுக்கத் தவளைத் தோலை ஆராயத் தொடங்கினார்கள். நம் பக்கத்தில் மிக முக்கியமான வேலை 2001-இல் வந்தது. ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்தின் நாகராஜ், சீதாராம் ஆகியோரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் நம்முடைய பெருந்தவளையின் தோலிலிருந்து 11, 12 அமினோ அமிலம் மட்டுமே நீளமுள்ள நான்கு துண்டுகளைப் பிரித்தெடுத்து டைகரினின் என்று பெயரிட்டார்கள். அவ்வளவு சிறிய துண்டு பாக்டீரியாவைக் கொல்கிறது என்பதே எங்களுக்கெல்லாம் வியப்பு. அந்தக் கட்டுரையை நான் நகல் எடுத்து வகுப்பில் படிக்கக் கொடுத்திருக்கிறேன்.

பெருந்தவளையில் பார்த்தாகிவிட்டது, எங்கள் வயல் தவளையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம் என்று நான் வேலை பார்த்த கல்லூரியில் தொடங்கினோம். தவளையைக் கொல்ல வேண்டியதில்லை. மாலையில் பிடித்து வந்து, தோலில் மெல்லிய மின்சாரத் தூண்டல் கொடுத்தால் பால்போல ஒன்று சுரக்கும். அதைச் சுத்தமான தண்ணீரில் கழுவி எடுத்துக்கொண்டு, விடியலில் அதே வரப்பில் விட்டுவிடுவோம். அந்தச் சுரப்பிலேயே ஆர்.என்.ஏ.வும் இருக்கும். அதிலிருந்து சி.டி.என்.ஏ. செய்து, பி.சி.ஆர். போட்டு, கிடைத்ததை வரிசைப்படுத்த வெளியே அனுப்புவோம்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. என் தவறு எந்த அளவுக்கு மன்னிக்கக்கூடியது, எந்த இடத்திலிருந்து மன்னிக்க முடியாதது என்பது இதைப் பொறுத்தது. இந்தத் தோல் புரதங்களின் மரபணுக்கள் மூன்று பகுதியாக எழுதப்பட்டவை. முன்னால் செல்லை விட்டு வெளியே அனுப்பும் பகுதி, சுமார் 22 அமினோ அமிலம். நடுவில் அமிலத்தன்மை கொண்ட ஒரு இடைத்துண்டு. கடைசியில், லைசின்–ஆர்ஜினின் என்ற வெட்டு இடத்துக்கு அப்புறம், உண்மையில் வேலை செய்கிற துண்டு. முன்பகுதி தவளைக்குத் தவளை ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஜப்பான் தவளை, தென் அமெரிக்க மரத் தவளை, அரியமங்கலம் வயல் தவளை எல்லாவற்றிலும் பார்த்தவுடன் அடையாளம் தெரியும். அதனால்தான் அந்தப் பகுதிக்கு ஒரு பிரைமர் செய்து எந்தத் தவளையிலிருந்தும் இவற்றை வெளியே இழுக்க முடிகிறது. கடைசித் துண்டோ தாறுமாறாக மாறியிருக்கும். கிருமிகள் மாற மாற அதுவும் மாறுகிறது. மரபணு இரட்டித்து, ஒரு பிரதி பழைய வேலையைப் பார்க்க, மற்றது எங்கோ போய்விடுகிறது. ஆகவே புதிதாகக் கிடைத்த ஒன்றை, தரவுத்தள வரிசைகளோடு ஒப்பிடும் பிளாஸ்ட் தேடலில் போட்டால், முன்பகுதியின் ஒற்றுமையாலேயே நூற்றுக்கணக்கில் உறவு காட்டும். பட்டியலில் முதலில் நிற்பது உண்மையான உறவாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கடைசித் துண்டைத் தனியாக எடுத்து, கண்ணால் பார்த்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும்.

எங்களுக்கு ஒரு புது வரிசை கிடைத்தது. பிளாஸ்ட் முதலில் காட்டியது பிரெவினின் குடும்பத்தை. ஆனால் பிரெவினினின் அடையாளமான வால்பக்க வளையம், அதாவது இரண்டு சிஸ்டீனையும் சேர்த்து ஏழு அமினோ அமிலம் கொண்டது, இதில் இல்லை. அன்றைக்கே, இது எதிலும் சேராத புதுக் குடும்பம் என்று என் மனதில் முடிவாகிவிட்டது. ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது ஊர்ப் பெயர் தோன்றியது. என் மனைவியிடம் சொன்னேன். அவளுக்கும் சந்தோஷம். குப்பைக்காக இல்லாமல் வேறொன்றுக்காக எங்கள் ஊர்ப் பெயர் உலகத்தில் எங்காவது எழுதப்படும் என்ற நினைப்பு எவ்வளவு இனித்தது என்பதை இப்போதும் மறுக்க மாட்டேன். கூடவே இன்னொன்றும் இருந்தது. 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு பதவி உயர்வுக்கு மதிப்பெண் முறையைக் கொண்டு வந்திருந்தது. கட்டுரைக்கு இவ்வளவு, திட்டத்துக்கு இவ்வளவு என்று. ஏற்கெனவே தெரிந்த குடும்பத்தில் இன்னொரு உறுப்பினர் என்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? புதுக் குடும்பம் என்றால் துறைத்தலைவரே கூப்பிட்டுக் கை கொடுப்பார். ஊர்ப் பாசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதில் பாதி இதுதான்.

ஒரு வாரம் கழித்து மாணவி வந்தாள். இரண்டு ஏ4 தாளைப் பக்கவாட்டில் ஒட்டி, அலைன்மென்ட் அச்செடுத்திருந்தாள். முன்பகுதியை மடித்து உள்ளே தள்ளியிருந்தாள், கடைசித் துண்டு மட்டும் தெரியும்படி. மேலே சி.சி.எம்.பி.யின் நான்கு டைகரினின்கள், அதற்குக் கீழே 2009-இல் நண்டு தின்னும் கடலோரத் தவளையிலிருந்து சீனர்கள் வெளியிட்டிருந்தவை, அதற்கும் கீழே எங்களுடையது. இரண்டு சிஸ்டீனையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தாள்.

"எண்ணிப் பாருங்க சார். சிஸ்டீன்லேர்ந்து சிஸ்டீன் வரைக்கும் ஒன்பது. டைகரினின்ல எல்லாத்துலயும் ஒன்பதுதான். நடுவுல ஐ, பி, எல், பி வருது பாருங்க. ரெண்டாவது டைகரினின்லயும் மூணாவதுலயும் நாலாவதுலயும் அப்படியே அதே நாலு எழுத்து சார்."

ஐசோலூசின், புரோலின், லூசின், புரோலின். பேனா முனையை ஒவ்வொரு எழுத்தாக வைத்துக்கொண்டே போனாள். நானும் எண்ணினேன். ஒன்பது. முன்பகுதி உள்ளே மடிக்கப்பட்டிருந்ததால் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அவள் செய்திருந்தது சரியான வேலை. நான் கற்றுக்கொடுத்து அவள் செய்ததுகூட இல்லை, தானாக யோசித்துச் செய்தது.

நான் சொன்ன பதில் எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. "ஏம்மா, நம்மளதுல முன்பக்கம் ரெண்டு அமினோ ஆசிட் கூட இருக்கே, அது உன் கண்ணுல படலையா? எல்லாத்தையும் டைகரினின்லயே போட்டா அப்புறம் நாம என்னத்தக் கண்டுபிடிச்சோம்?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தீசிஸ் கொடுக்க வேண்டிய தேதியை நினைவுபடுத்தினேன். அதுதான் நான் செய்த மிரட்டல். குரலை உயர்த்தவில்லை, திட்டவில்லை. கைடு கையெழுத்துப் போடாமல் தீசிஸ் போகாது என்பது இருவருக்கும் தெரியும். தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

பெயர் வைப்பதற்கு விதி இல்லாத காலம் என்றால்கூட ஏதாவது சாக்கு இருக்கும். விதி இருந்தது. மைக்கேல் கான்லன் 2008-லேயே இந்தக் குழப்பத்தை ஒழுங்கு செய்து எழுதியிருந்தார். குடும்பப் பெயர் முதலில், பிறகு தவளை இனத்தைக் குறிக்கும் பெரிய எழுத்து, ஒரே தவளைக்குள் அந்தக் குடும்பத்தின் பல பிரதிகள் இருந்தால் சிறிய எழுத்தில் ஏ, பி, சி. புதுப் பெயர், உண்மையிலேயே புதுக் குடும்பத்துக்கு மட்டும். ஏன் இந்த விதி வந்தது என்பதற்கு அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று போதும். ரானா ரூகோசா என்ற ஒரே தவளையின் தோலிலிருந்து கொரியர்கள் 1994-இல் கெய்குரின் என்று ஒரு வரிசையை வெளியிட்டார்கள். ஜப்பானியர்கள் 1995-இல் ரூகோசின் என்று இன்னொரு வரிசையை வெளியிட்டார்கள். பின்னால் சேர்த்து வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவை பிரெவினின், எஸ்குலென்டின் என்ற பழைய குடும்பங்களின் பிள்ளைகள். நாட்டுக்கு நாடு, ஆய்வகத்துக்கு ஆய்வகம் ஒரு பெயர். கான்லனின் அந்தக் கட்டுரை என் மேசை இழுப்பறையில் இருந்தது. நான் அடிக்கோடிட்ட பிரதி.

தோல் புரதங்களில் மட்டும் நடந்ததில்லை இது. நகத் தவளையின் கருவில் எது முதுகுப் பக்கம், எது வயிற்றுப் பக்கம் என்று தீர்மானிக்கும் மரபணு ஒன்றை 1996-இல் தனித்தனிக் குழுக்கள் கண்டுபிடித்தன. ஒருவர் எக்ஸ்வென்ட்-2 என்றார், ஒருவர் வாக்ஸ் என்றார், ஒருவர் எக்ஸாம் என்றார், ஒருவர் எக்ஸ்பிஆர்-1 என்றார். ஒரே ஆண்டில் ஒரே மரபணுவுக்கு நான்கு பெயர். அவர்களில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஒருவர் கையில் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. இன்று எக்ஸென்பேஸ் என்ற தவளை மரபணுத் தரவுத்தளம் அதற்கு வென்ட்எக்ஸ்2 என்ற வரிசையில் பெயர் வைத்து, பழையவற்றை மாற்றுப் பெயர்களாகப் பக்கத்திலேயே வைத்திருக்கிறது. பழைய பெயரைத் தேடினாலும் சரியான இடத்துக்குப் போகலாம்.

ஒழுங்கான பெயர் என்பது உறவைச் சரியாகச் சொல்வது. 1970-இல் வால்டர் ஃபிட்ச் இந்த உறவை இரண்டாகப் பிரித்தார். ஓர் இனம் இரண்டு இனமாகப் பிரிந்தபோது இரு பக்கமும் போன ஒரே மரபணுக்கள் ஆர்தோலாக். ஒரே உயிருக்குள் மரபணு இரட்டித்து உண்டானவை பாராலாக். எங்கள் பக்கத்தில் பங்காளி என்கிறோமே, ஒரே பாட்டன் சொத்தைப் பிரித்துக்கொண்டு தனித்தனி அடுப்பு வைத்தவர்கள், பாராலாக் அந்த உறவு. அதே ஆண்டில் சுசுமு ஓனோ, உயிர்களில் புதுமை பெரும்பாலும் இப்படி இரட்டித்த பிரதிகளிலிருந்தே வருகிறது என்று புத்தகம் எழுதினார். அதற்குத் தவளை ஒரு நல்ல சாட்சி. நகத் தவளை ஒரு காலத்தில் இரண்டு வேறு இனங்கள் கலந்து உண்டானது, ஏறத்தாழ 1.7 கோடி ஆண்டுகளுக்கு முன். அதனால் அதன் மரபணுத் தொகுதியே இரட்டை. அதன் உறவுக்காரத் தவளையான டிராபிகாலிஸுக்கு 20 குரோமோசோம், இதற்கு 36.

அந்தத் தொகுதியை முழுதாகப் படித்து ரோக்சர், ஹார்லண்ட், தைரா முதலானவர்களின் அமெரிக்க–ஜப்பான் கூட்டணி 2016 அக்டோபரில் வெளியிட்டது. அந்தக் கட்டுரையை நான் படித்த விதமே வேறு. குற்றமுள்ள மனதோடு படித்தேன். இரண்டு மூதாதை இனங்களும் இன்று இல்லை. அழிந்துபோனவை. ஆனாலும் ஒவ்வொரு குரோமோசோமும் எந்த மூதாதையிடமிருந்து வந்தது என்பதை, அவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய தாவும் துண்டுகளின் தடயத்தை வைத்துப் பிரித்துவிட்டார்கள். நீளமானவை எல், குட்டையானவை எஸ். அதற்கு முன்பெல்லாம் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளுக்கு முதலில் கண்டவர் இஷ்டப்படி ஏ, பி என்று போட்டுவிடுவார். ஒருவருடைய ஏ இன்னொரு மரபணுவின் பி-யோடு ஒரே மூதாதையைச் சேர்ந்ததாக இருக்கும். இப்போது பாக்ஸ்6.எல், பாக்ஸ்6.எஸ் என்று எழுதினால், அந்த ஒற்றை எழுத்திலேயே எந்தப் பாட்டன் வழி என்பது தெரிந்துவிடுகிறது. 56 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மரபணுக்கள் இன்னும் இரண்டு பிரதியாகவே இருப்பதால், இது சில்லறை விஷயம் இல்லை. உலகத்தின் இரு மூலைகளில் இருந்தவர்கள் சேர்ந்து, அவரவர் வைத்த செல்லப் பெயர்களை விட்டுக்கொடுத்து இதைச் செய்தார்கள். நான் ஒரு பெயரை விடவில்லை.

என்னுடைய பெயர் அதற்குள் எங்கெங்கோ போயிருந்தது. ஜீன்பேங்க் என்ற அமெரிக்க மரபணுத் தரவுத்தளத்தில் நான் பதிந்தேன். ஜீன்பேங்க்கில் ஏறியது ஐரோப்பிய, ஜப்பானியத் தரவுத்தளங்களுக்குத் தானாகப் போகும். அங்கிருந்து புரத வரிசையாக மொழிபெயர்க்கப்பட்டு யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தின் டிரெம்பிள் பகுதிக்குள் போகும். யாரும் சரிபார்ப்பதில்லை; பதிந்தவர் கொடுத்த பெயர் என்ற குறிப்போடு அப்படியே உட்காரும். வேறொரு ஊர் ஆய்வகம் வேறொரு தவளையில் இதைப் போன்ற வரிசையைக் கண்டபோது, பிளாஸ்ட் என் பதிவை முதலில் காட்டியிருக்கிறது. அவர்கள் என் பெயருக்குப் பக்கத்தில் 2 என்று போட்டுப் பதிந்தார்கள். அதுவும் டைகரினின்தான். அவர்கள் பதிவைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. டைகரினின் குடும்பம் எந்தெந்தத் தவளையில் இருக்கிறது, எங்கே இல்லை, எப்போது பிரிந்தது என்று ஒருவர் தேடினால், எங்கள் வயல் தவளையும் அந்தத் தவளையும் அவர் கணக்கில் வரவே வராது. நான் பெயர் மட்டும் தப்பாக வைக்கவில்லை, இரண்டு தவளைகளை அவற்றின் சொந்தக் குடும்பத்திலிருந்து எடுத்து மறைத்து வைத்திருக்கிறேன்.

2017-இல் கேரளத்திலிருந்து செய்தி வந்தது. திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகமும் சேர்ந்து, ஹைட்ரோஃபைலாக்ஸ் பஹுவிஸ்தாரா என்ற மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளையின் தோலில் 27 அமினோ அமிலம் கொண்ட ஒன்றைக் கண்டு, அது எச்1 வகை இன்ஃபுளுயன்சா வைரஸை அழிப்பதை எலிகளில் நிரூபித்து, உருமி வாளின் பெயரால் உருமின் என்று பெயரிட்டார்கள். தமிழ்ப் பத்திரிகைகளிலும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பேப்பரைக் கொண்டுவந்து காட்டி, "சார், நீங்ககூட தவளையில ஏதோ பண்ணீங்களே?" என்றார். ஆமாம் என்றேன். அவர்கள் பெயர் வைத்ததற்கு அடியில் வேலை இருந்தது. ஊர் வாசனையுள்ள பெயர் தப்பில்லை. அதை வைக்க ஒரு தகுதி வேண்டும். எனக்கு அது இல்லை.

வைவாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. வெளியூரிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் நல்ல படிப்பாளி. தீசிஸைப் புரட்டியவர் நான்காம் அத்தியாயத்தில் நிறுத்தி, "இது ஏன் டைகரினின் ஃபேமிலி இல்லைன்னு சொல்றீங்க?" என்று மாணவியைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு விடை தெரியும். சொன்னால் தன் தீசிஸையே மறுத்ததாகும். நான் குறுக்கே புகுந்து முன்பக்கத்து இரண்டு அமினோ அமிலத்தைப் பற்றி நீளமாகப் பேசினேன். அவர் மரியாதைக்கு விட்டுவிட்டார். மாணவிக்குப் பட்டம் கிடைத்தது. தான் நம்பாத ஒரு வாக்கியத்தைத் தன் பெயரில் எழுதி, தன் முன்னாலேயே அதை இன்னொருவர் காப்பாற்றுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். தரவுத்தளத்தில் நான் செய்ததைவிட இதுதான் பெரிய தவறு என்று நினைக்கிறேன். அவள் பிஎச்.டி.க்குப் போகவில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியை. அவள் போகாததற்கு வீட்டுச் சூழ்நிலையும் இருக்கலாம். ஆனால் நான் அந்தத் தாளைப் பார்த்து "சரிதாம்மா, நீ சொல்றதுதான் சரி" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

ஜீன்பேங்க் பதிவை மற்றவர் திருத்த முடியாது. பதிந்தவருக்குத்தான் அந்த உரிமை. பிழை என்று யார் கண்டாலும் நான் எழுதினால்தான் மாறும். இதுவும் எனக்குத் தெரியும். வேலையில் இருந்தவரை, கல்லூரியின் பெயர் கெடும், அவள் பட்டத்துக்குச் சிக்கல் வரும் என்று காரணம் வைத்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு முதல் காரணம் போயிற்று. இரண்டாவதும் உண்மையில்லை, ஒரு பெயரைத் திருத்தினால் யாருடைய எம்.ஃபில். பட்டமும் போகாது. எனக்குக் கூச்சம், அவ்வளவுதான். அதற்காக இத்தனை ஆண்டுகள் விட்டேன்.

இந்த ஆண்டு ஆடியில் அவளுக்கு போன் செய்தேன். குரலைக் கேட்டதும் "சார், உடம்பு எப்படி இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் அந்தத் தாளைத் தூக்கிப் போடல சார்" என்றாள். பிறகு, "ஜீன்பேங்க்ல நீங்க மாத்திடுவீங்க. லைப்ரரில இருக்கிற என் தீசிஸ்ல?" என்று கேட்டாள். அதை நான் யோசித்திருக்கவே இல்லை.

ஜீன்பேங்க்குக்கு எழுதிவிட்டேன். குடும்பப் பெயர் டைகரினின், அதற்குப் பின்னால் விதிப்படி தவளை இனத்தின் எழுத்துகள். பழைய பெயர் குறிப்புப் பகுதியில் மட்டும், அதை வைத்துத் தேடுகிறவர்கள் சரியான இடத்துக்கு வருவதற்காக. என் பெயருக்குப் பக்கத்தில் 2 போட்ட ஆய்வகத்துக்கும் தனியாக மடல் போயிருக்கிறது. அவர்கள் பதிவை அவர்கள்தான் மாற்ற வேண்டும். தீசிஸுக்கு ஒரு பக்கத் திருத்தத் தாள் எழுதி, நான்காம் அத்தியாயத்துக்கு முன்னால் ஒட்ட அனுமதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். ஒன்பது அமினோ அமில வளையத்தையும் அந்த நான்கு எழுத்தையும் கண்டு இது டைகரினின் என்று முதலில் சொன்னவர் ஆய்வு மாணவி, அதை ஏற்காமல் வேறு பெயரை எழுதச் சொன்னவர் நெறியாளர் என்று அதில் இருக்கிறது. அவளுடைய ஒட்டுத் தாளின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். சிவப்பு மை கொஞ்சம் வெளிறியிருக்கிறது, எழுத்தெல்லாம் படிக்க முடிகிறது. அதையும் இணைத்திருக்கிறேன்.